வீட்டுச் செலவு நோட்டும் விலைவாசிக் குறியீட்டெண்ணும்

கேள்வி: எனக்கு 48 வயது. டிப்ளமோ படித்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். மகள் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, மகன் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள என் தாயார் எங்களோடு இருக்கிறார். திருமணமான காலத்திலிருந்து வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வருகிறேன். 2019-20இல் மாதம் சராசரியாக 28,000 ரூபாயாக இருந்த செலவு, 2024-25இல் 46,000 ஆகிவிட்டது. சம்பளமோ ஆண்டுக்கு இரண்டாயிரம் வீதம் கூடி 34,000இலிருந்து 44,000க்குத்தான் வந்திருக்கிறது. தக்காளி, எண்ணெய் என்று எதைத் தொட்டாலும் விலை. ஆனால் விலைவாசி உயர்வு ஐந்து சதவீதம், நான்கு சதவீதம், அப்புறம் கால் சதவீதம் என்றெல்லாம் செய்தி வாசிக்கிறார்கள். இது பச்சைப் பொய் என்பது என் கருத்து. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மைத்துனர், "உங்க ஒரு வீட்டுக் கணக்கை வெச்சு நாட்டையே எடை போடாதீங்க மச்சான்" என்கிறார். உறவினர் வீட்டு வளைகாப்பில் இந்தப் பேச்சு முற்றிப்போய், இப்போது இருவரும் போனில்கூடப் பேசிக்கொள்வதில்லை. அரசைப் பற்றிக் கருத்துச் சொல்ல என் நோட்டு போதாதா? தலைப்பு வாரியான செலவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நோட்டு போதும். அரசைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு அதைவிட நல்ல ஆவணம் ஒரு சாதாரணக் குடிமகனிடம் இருக்க முடியாது. ஆனால் அந்த நோட்டை நீங்களே சரியாகப் படிக்கவில்லை என்பது, நீங்கள் அனுப்பிய ஒரு பக்கக் கணக்கைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்தது. அது சொல்லும் செய்தி ஒன்று, வளைகாப்பு வீட்டில் நீங்கள் வாதாடிய செய்தி வேறொன்று.

முதலில் மொத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 28,000 ரூபாய் 46,000 ஆவது 64 சதவீத உயர்வு. கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டும். இதே காலத்தில் நாடு முழுவதற்குமான நுகர்வோர் விலைக் குறியீட்டெண், அதாவது குடும்பங்கள் வாங்கும் பொருள்களின் விலை மாற்றத்தை அளக்கும் அரசின் எண், 2020-21இல் 6.2, அடுத்தடுத்த ஆண்டுகளில் 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம் உயர்ந்தது. இந்த எண்களைத் தனித்தனியாகச் செய்தியில் கேட்கும்போது சிறியவையாகத் தோன்றுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 32 சதவீதம் ஆகிறது. அதாவது, நூறு ரூபாய்க்கு வாங்கிய பொருள்களுக்கு 132 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அரசின் எண்ணே ஒப்புக்கொள்கிறது. அந்தக் கணக்கின்படி உங்கள் 28,000 சுமார் 37,000 ஆகியிருக்க வேண்டும். அதற்கு மேல் வந்த 9,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்களுக்கும் உங்கள் மைத்துனருக்கும் இடையிலான வழக்கே.

உங்கள் பட்டியலிலேயே அதற்கு விடை இருக்கிறது. மளிகை, காய்கறி, பால், எண்ணெய் எல்லாம் சேர்ந்து 10,500இலிருந்து 14,500 ஆகியிருக்கிறது. வாடகை 6,500இலிருந்து 8,500. மின்சாரமும் எரிவாயுவும் 1,700இலிருந்து 2,500. பெட்ரோலும் பேருந்தும் 2,000இலிருந்து 2,600. கைபேசி 500இலிருந்து 900. மற்றவை 2,000இலிருந்து 3,500. இவற்றுள் உணவும் வாடகையும் பெட்ரோலும் அரசின் சராசரியை ஒட்டியோ சற்று மேலும் கீழுமாகவோதான் ஏறியிருக்கின்றன. மீதமிருப்பவை இரண்டே தலைப்புகள். பிள்ளைகளின் கல்விச் செலவு மாதக் கணக்கில் 4,000இலிருந்து 10,500 ஆகியிருக்கிறது. தாயாரின் மருந்தும் பரிசோதனையும் 800இலிருந்து 3,000 ஆகியிருக்கிறது. கூடிய 18,000 ரூபாயில் 8,700 ரூபாய், அதாவது ஏறக்குறைய பாதி, இந்த இரண்டிலிருந்து மட்டுமே வந்திருக்கிறது. உணவின் பங்கு 4,000 ரூபாய்.

ஆனால் உங்கள் கடிதத்தில் கோபம் முழுவதும் தக்காளி மீதும் எண்ணெய் மீதும் இருக்கிறது. கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதில் வியப்பு ஒன்றுமில்லை. தக்காளியின் விலையை வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறோம். கட்டணத்தை ஆண்டுக்கு இரண்டு முறை, பெரும்பாலும் நகையை அடகு வைத்தோ சீட்டுப் பணத்தை எடுத்தோ, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுகிறோம். அதைச் செலவு என்று கருதாமல் பிள்ளைகளின் எதிர்காலம் என்று கருதுவதால் அதன்மேல் கோபப்படுவதற்கே கூச்சமாக இருக்கிறது. தக்காளி விலை உச்சத்துக்கு ஏறியபோது, 2023 ஜூலையில் நாட்டின் மொத்த விலைவாசி உயர்வே 7.44 சதவீதத்துக்குப் போனது உண்மைதான். ஆனால் அந்த விலை சில வாரங்களில் இறங்கியும் விட்டது. ஏறியதை நினைவில் வைத்திருக்கும் நாம் இறங்கியதை நினைவில் வைப்பதில்லை. கட்டணம் ஒருபோதும் இறங்குவதில்லை.

இனி, அரசின் எண் ஏன் உங்கள் வீட்டைப் போல் இல்லை என்ற கேள்வி. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த ஆண்டு விலையை நூறு என்று வைத்துக் கணக்கிடும், குறியீட்டெண் வரிசைதான் உங்கள் கணக்கு நடந்த ஐந்தாண்டிலும் நடைமுறையில் இருந்தது. அதற்காக 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் மாதந்தோறும் விலை திரட்டினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும், ஒரு சராசரிக் குடும்பம் தன் செலவில் எவ்வளவு பங்கை அதற்கு ஒதுக்குகிறது என்ற அளவில் ஓர் எடை உண்டு. உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீதம், கல்விக்கு 4.46 சதவீதம், நகரப் பகுதிகளை மட்டும் பார்த்தால் 5.62. உங்கள் வீட்டில் கல்வியின் பங்கு ஏறத்தாழ 23 சதவீதம். படிக்கும் பிள்ளை ஒன்றுகூட இல்லாத முதியோர் குடும்பங்களும், அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களும், உங்களைப் போல் இரு பிள்ளைகளையும் தனியார் நிறுவனங்களில் படிக்க வைக்கும் குடும்பங்களும் கூட்டி வகுக்கப்பட்டுக் கிடைத்த எண் அது. அந்த 4.46 சதவீதக் குடும்பம் எந்தத் தெருவிலும் குடியிருக்கவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. குறியீட்டெண் ஒரே பொருளின் விலையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது. உங்கள் மகள் பள்ளியிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போனதால் கூடிய செலவு அதன் பார்வையில் விலை உயர்வு அல்ல. நீங்கள் வேறொரு பொருளை வாங்கத் தொடங்கியிருக்கிறீர்கள். தாயாருக்கு வயது கூடி மாத்திரைகளின் எண்ணிக்கை கூடுவதும் அப்படியே. உங்கள் கைக்கு இந்த வேறுபாடு தெரியாது, பணம் போவது மட்டுமே தெரியும். ஆனால் ஓர் அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். விலையை உயர்த்தியதற்காக ஓர் அரசைக் கேள்வி கேட்பது ஒரு வழக்கு. ஒரு நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளின் மிகக் கடுமையான பத்தாண்டில், பிள்ளைகள் படிக்கும்போதும் பெற்றோர் முதுமையடையும்போதும், கல்வியையும் மருத்துவத்தையும் சந்தையில் விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பது ஏன் என்று கேட்பது வேறு வழக்கு. என் கருத்தில் இரண்டாவது வழக்குத்தான் வலுவானது. அதை நீங்கள் தொடுக்கவே இல்லை.

கால் சதவீதம் என்ற செய்தி உங்களை மிகவும் எரிச்சலூட்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் அந்த எண் 0.25 சதவீதமாக இருந்தது. அந்த வரிசையிலேயே மிகக் குறைவானது அதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் உயர்வு 6.21 சதவீதம். 2023 அக்டோபரில் நூறு ரூபாயாக இருந்தது ஓராண்டில் 106 ரூபாய் 21 காசாக ஏறி, அடுத்த ஆண்டு 106 ரூபாய் 48 காசில் நின்றிருக்கிறது. ஏறிய ஆறு ரூபாய் திரும்பி வரவில்லை. உயர்வு குறைந்தது என்ற செய்தியைக் கேட்டுவிட்டு நூறு ரூபாயை எதிர்பார்த்துக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உணவுப் பொருள்களில் மட்டும் உண்மையிலேயே சற்று இறக்கம் இருந்தது: 2024 அக்டோபரில் 10.87 சதவீதம் ஏறிய உணவு விலை, 2025 அக்டோபரில் 5.02 சதவீதம் இறங்கியது. நூறு 111ஐ நெருங்கி, பிறகு 105க்கு வந்திருக்கிறது. உங்கள் நோட்டில் அந்த இரு அக்டோபர் மாதங்களின் காய்கறிக் கணக்கை எடுத்துப் பாருங்கள்.

புள்ளிவிவரங்கள் மீது ஐயமே கூடாது என்று உங்கள் மைத்துனர் சொல்வாரானால் அதையும் நான் ஏற்கமாட்டேன். 2017-18இல் நடத்தப்பட்ட நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவுகளின் தரத்தைக் காரணம் காட்டி மத்திய அரசு வெளியிடாமல் விட்டது. வேலைவாய்ப்பு பற்றிய அறிக்கை தாமதமானதைத் தொடர்ந்து தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. இவற்றின் விளைவாக, 2011-12இல் குடும்பங்கள் எப்படிச் செலவழித்தன என்பதை வைத்து நிர்ணயித்த எடைகளையே பத்தாண்டுக்கும் மேலாகச் சுமந்துகொண்டிருந்தோம். 2022-23இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, நகரக் குடும்பங்களின் செலவில் உணவின் பங்கு 39.17 சதவீதம் என்றும் கிராமங்களில் 46.38 சதவீதம் என்றும் தெரியவந்தது. இந்தக் குறையைக் களையவே 2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய வரிசை வகுக்கப்பட்டது. ஆகவே, விலையைத் திரித்து எழுதுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. கணக்கெடுப்பைத் தாமதப்படுத்தினார்கள், எடுத்த ஒன்றை வெளியிடவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு எல்லோரிடமும் ஆதாரம் இருக்கிறது. ஆதாரம் உள்ளதை விட்டுவிட்டு இல்லாததைப் பிடித்துக்கொண்டால் எதிராளிக்குத்தான் கொண்டாட்டம்.

அந்த எண்ணைப் பொய் என்று நீங்கள் தள்ளிவிடுவதில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஆயுதமே அதுதான். உங்கள் சம்பளத்தைப் பாருங்கள். 34,000 ரூபாய் 44,000 ஆனது 29 சதவீத உயர்வு; விலைவாசியோ 32 சதவீதம் உயர்ந்தது. விலைவாசியோடு சமமாக வந்திருந்தாலே நீங்கள் சுமார் 44,800 ரூபாய் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாண்டு கூடுதல் அனுபவத்துக்கு உங்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அதற்கும் கீழே மாதம் 800 ரூபாய் நட்டம். ஆண்டுக்கு இரண்டாயிரம் என்பது கேட்கும்போது நிலையான உயர்வாகத் தோன்றும். 34,000க்கு அது 5.9 சதவீதம், 42,000க்கு அதே இரண்டாயிரம் 4.8 சதவீதம்தான். ரூபாய் மாறாமல் நிற்க, உயர்வு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வருகிறது. முதலாளிகள் இதை நன்றாக அறிவார்கள்.

அரசு ஊழியர்களுக்கு விலைவாசியை நினைத்து உங்களைப் போல் ஏன் இரவு தூக்கம் கெடுவதில்லை என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய அகவிலைப்படி, தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டு, ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தப்படுகிறது. அந்தக் குறியீட்டெண்ணுக்கு விலை திரட்டப்படும் 88 மையங்களில் உங்கள் கோவையும் ஒன்று. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளும் அகவிலைப்படியைச் சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு இணைக்கின்றன. இந்த இரண்டு ஏற்பாட்டுக்கும் வெளியே, குறைந்தபட்ச ஊதியத்தைவிட அதிகமாக வாங்குவதாலேயே பாதுகாப்பை இழந்து, சங்கமும் இல்லாமல் நிற்பவர்கள் உங்களைப் போன்ற மேற்பார்வையாளர்கள். அடுத்த ஊதிய உயர்வுப் பேச்சின்போது கோவை மையத்தின் ஐந்தாண்டு எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "எல்லாம் விலை ஏறிப்போச்சுங்க" என்ற புலம்பலுக்கு நிர்வாகம் பழகிப்போயிருக்கும். அரசு வெளியிட்ட எண்ணுக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதல்ல. உயர்வை ரூபாயில் கேட்காமல் சதவீதத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சம்பளம் 44,000, செலவு 46,000. இடையிலுள்ள இரண்டாயிரத்தை உங்கள் மனைவியின் தையல் இயந்திரம்தான் ஈடுகட்டுகிறது என்று ஊகிக்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய கணக்கில் அந்த வருமானம் எங்கும் பதிவாகவில்லை; தையலுக்கான நூலும் மின்சாரமும் மட்டும் செலவில் ஏறியிருக்கின்றன. நோட்டில் வரவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாட்டின் உற்பத்தி 2024-25இல் 6.5 சதவீதம் வளர்ந்தது என்று படிக்கும்போது, அந்த வளர்ச்சி உங்கள் வீட்டு வரவுப் பக்கத்துக்கு வந்ததா என்று கேட்க அப்போதுதான் முடியும். விலையைப் பற்றி மட்டுமே பேசும் அரசியல், வருமானத்தைப் பற்றிப் பேசாமல் தப்பித்துவிடுகிறது என்பது பல ஆண்டுகளாக என் எண்ணம்.

அரசைப் பற்றிய கருத்துக்கு வருகிறேன். "அரசு" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோட்டின் ஒவ்வொரு தலைப்புக்கும் பொறுப்பாளர் வேறு. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு மூன்று ரூபாயும் பத்து ரூபாயுமாக உயர்த்தியது; 2021 நவம்பரில் ஐந்து ரூபாயும் 2022 மே மாதத்தில் எட்டு ரூபாயுமாகக் குறைத்தது. ஏற்றியது பதின்மூன்று, இறக்கியது பதின்மூன்று. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தன் பங்கு வரியில் மூன்று ரூபாயைக் குறைத்தது. வளைகாப்பு வீடுகளில் இதைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ஏற்றியதை மட்டும் சொல்வார், இன்னொருவர் இறக்கியதை மட்டும் சொல்வார். இருவருமே பொய் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மின் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில ஒழுங்குமுறை ஆணையம். அந்தத் தலைப்பில் உங்கள் செலவு கூடியதற்குக் கட்டண உயர்வோடு, இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும் காரணமாக இருக்கலாம். தாண்டிவிட்டால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணம் கைநழுவி, 2022 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த வேறு அடுக்கில் கணக்கிடப்படுகிறது. மகள் கல்லூரியிலிருந்து வரும் விடுமுறை மாதங்களின் அட்டையைப் பாருங்கள். வாடகையில் 2022இல் உயர்ந்த சொத்து வரியின் ஒரு பகுதி ஒளிந்திருக்கக்கூடும். அது மாநில அரசும் மாநகராட்சியும் சம்பந்தப்பட்டது. சரக்கு-சேவை வரியை நிர்ணயிக்கும் மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு மத்திய அரசுக்கும் மீதி மாநிலங்களுக்கும் இருப்பதால், அங்கே எடுக்கும் முடிவுக்கு எவரும் முழுப் புகழையோ முழுப் பழியையோ கோர முடியாது. கல்வி 1976ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் முதல் மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் 2009ஆம் ஆண்டுச் சட்டமோ தமிழ்நாட்டுடையது.

எண்ணெய்க்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனென்றால் உங்கள் குடும்பச் சண்டையின் மையமே அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் அடிப்படை இறக்குமதித் தீர்வையைச் சுழியிலிருந்து 20 சதவீதமாக உயர்த்தியது. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நுகர்வோருக்குத் தாங்காமல் போனபோது, 2025 மே மாத இறுதியில் அதைப் பத்து சதவீதமாகக் குறைத்தது. நீங்கள் நியாய விலைக் கடையில் மானியத்தில் வாங்கும் பாமாயில் பாக்கெட், உங்கள் வீட்டுக்கு ஒரு நிம்மதி. அதே பாக்கெட்டுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் வழங்க வேண்டும் என்று பொள்ளாச்சித் தென்னை விவசாயிகள் நெடுங்காலமாகக் கோரி வருகிறார்கள். வெள்ளை ஈயும் வாடல் நோயும் தாக்கிய தோப்பில், கட்டுப்படியாகாத விலைக்குக் காய் வெட்டிய ஆண்டுகளை உங்கள் மைத்துனர் மறந்திருக்கமாட்டார். 2025இல் தேங்காய் விலை ஏறியபோது உங்கள் நோட்டில் அது செலவாக விழுந்தது, அவருடைய நோட்டில் வரவாக விழுந்தது. அவர் அரசுக்கு வக்காலத்து வாங்குவதாக நீங்கள் நினைத்திருக்கலாம். தமக்குக் கடைசியாக ஒரு நல்ல விலை கிடைத்ததை நீங்கள் திட்டுவதாக அவர் நினைத்திருக்கலாம். நாட்டின் சராசரியை விட்டுவிட்டு, தோப்பில் ஒரு காய்க்கு என்ன கிடைக்கிறது, கோவை உக்கடம் சந்தையில் அது என்ன விலைக்கு விற்கிறது, நடுவில் யார் யார் கையில் என்ன தங்குகிறது என்பதைப் பற்றி அவரிடம் கேளுங்கள். உங்களைவிட அவருக்கு அதில் கோபம் அதிகமாக இருக்கும்.

நோட்டு எழுதும் முறையில் சிறு திருத்தம் செய்துகொண்டால் அதன் மதிப்பு பலமடங்கு கூடும். தொகையை மட்டும் எழுதாமல் அளவையும் எழுதுங்கள். "எண்ணெய் 3 பாக்கெட்" என்பது போதாது. ஒரு லிட்டர் பாக்கெட் என்று நினைத்து வாங்குவதில் 800 மில்லியோ 850 கிராமோ இருக்கும் பாக்கெட்டுகள் கலந்திருக்கும். பத்து ரூபாய் பிஸ்கட் பத்து ரூபாயாகவே இருக்க, உள்ளே எடை குறைந்திருப்பதும் விலை உயர்வுதான். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் பாக்கெட்டில் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதானால் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி மழையில் காய்கறி ஏறுவதையும் தையில் இறங்குவதையும் ஆட்சியின் கணக்கில் எழுதக் கூடாது.

அளவோடு எழுதினால் ஓர் அரசின் அறிவிப்பை நீங்களே சோதிக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றின் சரக்கு-சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அப்படியானால் வரியோடு 118 ரூபாய்க்கு விற்ற பொருள் 105 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். அதாவது பதினொரு சதவீதம் குறைந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சோப்பு ஆகஸ்டில் என்ன விலை, நவம்பரில் என்ன விலை, எடை மாறியதா என்று நோட்டில் இருந்தால், குறைப்பு உங்கள் கைக்கு வந்ததா, வழியிலேயே நின்றுவிட்டதா என்பதை எந்தத் தொலைக்காட்சி விவாதத்தையும் பார்க்காமல் சொல்லிவிடலாம்.

கடைசியாக, உங்கள் செலவை உண்மையில் அழுத்தும் அந்த இரண்டு தலைப்புகள். தாயாரின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், நிறுவனப் பெயரில் விற்கும் மருந்துகளுக்குப் பதிலாகப் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகளை எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் விலையை விசாரித்து ஒப்பிடுங்கள். இந்த இரண்டு நோய்களுக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே மாத்திரை வழங்கும் ஏற்பாடு உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாயாரின் பெயரைப் பதியலாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மாற்ற வேண்டாம்.

மகளைப் பற்றி ஒரு சந்தேகம். நீங்கள் டிப்ளமோ படித்தவர்; அது பட்டம் ஆகாது. உங்கள் மனைவியும், இரு பக்கத்துத் தாத்தா பாட்டியரும் பட்டதாரிகளாக இல்லையென்றால், உங்கள் மகள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கலந்தாய்வு வழியாக இடம் பெற்ற முதல் பட்டதாரி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. நீங்கள் அனுப்பிய கணக்கில் முழுக் கட்டணம் கட்டியதாகத்தான் இருக்கிறது. மகள் கலந்தாய்வு மூலம் சேர்ந்தவர் என்றால், சேர்க்கையின்போது முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால், கட்டண ரசீதுகளோடு கல்லூரி அலுவலகத்துக்குச் சென்று அந்தச் சலுகை எந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால், சான்றிதழை வருவாய்த் துறையிடமிருந்து இ-சேவை மையம் வழியாகப் பெறலாம். இரண்டாம் ஆண்டில் அதை ஏற்பார்களா என்பதைக் கல்லூரியிலும், அவர்கள் மழுப்பினால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலும் கேட்டுவிட்டு, அடுத்த தவணையைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.